தரையிலிருந்து ஐந்தரை அடி

முதலில் ஒன்றை எழுதிவிடுகிறேன். தவறு என்னுடையது. நேற்று நாட்குறிப்பில் எழுபது சதவீதம் என்னுடையது என்று எழுதியிருந்தேன். இன்று காலையில் அதை அடித்து அறுபது என்று திருத்தினேன். மதியம் மறுபடியும் எழுபதாக்கினேன். படிக்கிறவர்கள் கடைசியில் தாங்களே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

பகலில் நகல் எடுக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். மாலை ஆறரை முதல் எட்டரை வரை ‘நகரக் குடியிருப்புகளின் வரலாறு’ என்ற சான்றிதழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பின் முதல் நாளே ஆசிரியர் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். நான் மட்டும்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். பக்கத்துக்கு நான்கு கட்டம்: தேதி, நேரம், கண்டது, உறுதியில்லாதது. நான்காவது கட்டத்தில் எப்போதும் இடம் போதுவதில்லை.

எங்கள் வீடு பன்னிரண்டு வீட்டு வரிசையில் நான்காவது. ஒரே சுவரில் ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள். முன்னால் முட்டுச்சந்து. பின்னால் யாருடையது என்று தெரியாத காலிமனை. வீட்டில் மூன்று பேர். அம்மா கால்சட்டைகளை அளவு குறைத்துத் தைத்துக் கொடுப்பவள். அக்கா செவிலியர் படிப்பை முடித்து ஒன்பது மாதம் காத்திருந்து, ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை வாங்கியிருந்தாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். வரும்போது குடியிருப்புச் சான்றிதழ் கொண்டுவரவும் என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நாங்கள் யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை.

எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் ஜன்னல் உயரத்தில் இருக்கும். நான் தரையில் நின்றால் ஜன்னலின் அடிக்கட்டை என் நெற்றிக்கு நேரே வரும். அதனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே ஒரு முக்காலி போட்டிருக்கும். தெருவில் ஏதாவது சத்தம் கேட்டால் போதும், பன்னிரண்டு வீட்டிலும் முக்காலி இழுபடும். பிறந்ததிலிருந்து அப்படியே இருந்ததால் எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

வகுப்பின் இறுதிக் கட்டுரைக்குத் தலைப்பு ‘என் தெருவின் பழைய கதை’. ஆயிரம் சொல் இருக்க வேண்டும். தொள்ளாயிரத்து எழுபத்தேழாவது சொல்லில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. இருபத்துமூன்று சொல் குறைந்தது. படுத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தேன். பிறகு எழுந்து இரண்டு வாக்கியம் சேர்த்தேன். ‘ஜன்னல்கள் இவ்வளவு உயரத்தில் இருப்பதைப் பார்த்தால் இந்த இடம் ஒரு காலத்தில் சிறைச்சாலையாக இருந்திருக்கலாம்’ என்பது முதலாவது. இரண்டாவது, பின்னாலிருந்த காலிமனையைப் பற்றியது. அதுவும் சும்மா ஒரு ஊகம். பன்னிரண்டு சொல். ஆசிரியர் இரண்டுக்கும் கீழே பச்சைக் கோடு இழுத்து, ஓரத்தில் ‘நல்ல பார்வை’ என்று எழுதியிருந்தார். அன்று இரவு நான் சந்தோஷமாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆசிரியர் எங்கள் கட்டுரைகளைக் குடியிருப்பு இயல்பு காப்பு வாரியத்துக்கு அனுப்பிவைத்தது எனக்குத் தெரியாது. நகரத்தின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பழைய இயல்பு உண்டு, அதைக் கண்டுபிடித்து மீட்டெடுக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அந்த வாரியம். ஆண்டு முடிவதற்குள் நானூறு தெருக்களுக்கு வரலாறு எழுதி முடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. அதுவரை பதினொன்று முடித்திருந்தார்கள். மிச்சத்துக்கு எங்கள் வகுப்பு அகப்பட்டது.

மூன்றாம் தேதி காலை ஏழு இருபதுக்கு, இடுப்பில் அளவு டேப் மாட்டிய ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். எங்கள் வீடுகளில் வாசலிலிருந்து மூன்று படி கீழே இறங்கித்தான் உள்ளே வர வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கடைசிப் படியில் தடுமாறுவார்கள். அவர் தடுமாறவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய் தரையிலிருந்து டேப்பை ஏற்றினார்.

“அஞ்சரை” என்றார்.

“என்ன அஞ்சரை?” என்று கேட்டாள் அம்மா.

“அடிம்மா. பிரமாதமா இருக்கு.”

கையிலிருந்த படிவத்தில் ஒரு கேள்வியை விரலால் தேடினார். நான் எட்டிப் பார்த்தேன். ‘சிறைச்சாலையா? ஆம் / இல்லை’ என்றிருந்தது. ‘ஆம்’ மேல் பேனாவை வைத்தார்.

“சார், அது நான் எழுதினதுதான். இருந்திருக்கலாம்னுதான் எழுதினேன். அதுக்கு ஒரு கட்டம் இல்லையா?”

“ரெண்டு கட்டந்தான் தம்பி அச்சடிச்சிருக்கு. இல்லாத கட்டத்துக்கு நான் எங்க போறது?” என்று சொல்லிவிட்டு அழுத்தி ஒரு டிக் போட்டார். எங்கள் வரிசையில் அன்றிலிருந்து அவருக்கு டேப்காரர் என்று பெயர்.

ஐந்தாம் தேதி சந்தின் முகப்பில் நீல நிறப் பலகை வந்தது. ‘பழைய சிறைச்சாலை வளாகம். பாதுகாக்கப்பட்ட இயல்பு.’ நான் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கடந்து கடைக்குப் போனேன். ஆனால் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் வீட்டு அத்தை பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, வேற்றூரிலிருக்கும் தன் அண்ணிக்கு அனுப்பினாள். அந்த அண்ணி எங்கள் தெருவை ஒருமுறை ‘பொந்து’ என்று சொல்லியிருந்தாளாம்.

எல்லோரையும்விட மாறிப்போனவர் கடைசி வீட்டு மேஸ்திரி. நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் இந்தப் பன்னிரண்டு வீட்டையும் கட்டியவர் அவர். அப்போது அது சிறையாக இருக்கவில்லை என்பது அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆனால் பலகை வந்த மறுநாளிலிருந்து அவர் சட்டையைத் தேய்த்துப் போட ஆரம்பித்தார்.

“அப்போ ஜெயில கட்டினது நீங்கதானா மேஸ்திரி?” என்று அத்தை கேட்டாள்.

“அப்படியும் சொல்லலாம்” என்றார் மேஸ்திரி.

எட்டாம் தேதி சுற்றறிக்கை வந்தது. பூப்போட்ட கம்பிகள் இயல்புக்கு மாறானவை, நேர்க்கம்பிகள் பொருத்தப்படும். திரைச்சீலை, பூந்தொட்டி, அழைப்புமணி ஆகியவை அகற்றப்படும். கதவுகளுக்கு வெளிப்பக்கத்தில் மட்டும் தாழ்ப்பாள் இருக்கும். அன்று மாலையே டேப்காரர் ஒரு வண்டியோடு வந்து முக்காலிகளை எடுத்துப்போனார்.

“முக்காலி என்னய்யா பண்ணிச்சு?” என்றாள் அம்மா.

“தப்பிச்சுப் போற கருவிம்மா அது. லிஸ்ட்ல இருக்கு.”

“மேல ஏறி நின்னா கறிகாய் வண்டி வந்திருக்கான்னு தெரியும். அதான் நாங்க தப்பிச்சுப் போற லட்சணம்.”

டேப்காரர் அதையும் குறித்துக்கொண்டார். அம்மா முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நாட்குறிப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். பன்னிரண்டாம் தேதி சந்தின் முகப்பில் இரும்புக் கதவு வந்தது. மாலை ஆறு மணிக்குப் பூட்டு. என் வகுப்பு ஆறரைக்கு. வரலாற்று வகுப்புக்குப் போக முடியாதபடி என்னை வரலாறு பூட்டி வைத்தது என்று நாட்குறிப்பில் எழுதினேன். படிக்க நன்றாக இருந்ததால் சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.

கதவு வந்த பிறகு எண்ணிக்கை வந்தது. தினமும் ஆறு மணிக்கு எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும். டேப்காரர் தலைகளை எண்ணுவார். முதல் இரண்டு நாள் அத்தை சிரித்துக்கொண்டே நின்றாள். மூன்றாம் நாள் ஏழாம் வீட்டுக்காரர் வேலையிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தார். கதவுக்கு வெளியே நிற்க வைத்து, அவருடைய மனைவியிடம் கம்பி வழியாக, “இவர் இங்க இருக்கிறவர்தானா?” என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்றாவது முறை அந்தப் பெண்ணின் குரல் தடுமாறியது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆறு மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் முன்பே எல்லோரும் வந்து நின்றுகொண்டோம்.

அம்மாவின் வாடிக்கையாளர்கள் கம்பிக்கு வெளியே நின்று கால்சட்டையை நீட்டினார்கள். இடுப்பளவு எடுக்க அவள் கம்பிக்கு நடுவே கையை விட வேண்டியிருந்தது.

“ஜெயிலுன்னா சோறு அவங்கதானே போடணும்? அதைக் கேட்டியாடா?” என்றாள் என்னிடம்.

கேட்டேன். உணவு இயல்பில் சேராது, சுவரும் கதவும் மட்டும்தான் சேரும் என்றார் டேப்காரர்.

பதினைந்தாம் தேதி அக்காவின் குடியிருப்புச் சான்றிதழ் வந்தது. பெயர், முகவரி எல்லாம் சரியாக இருந்தன. அதற்குக் கீழே ‘நிலை: விசாரணைக் கைதி’ என்றிருந்தது. அக்கா அதை மருத்துவமனைக்கு எடுத்துப்போனாள். நாலரைக்குத் திரும்பி வந்தாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணாந்தேதிக்குள்ள விடுதலை உத்தரவு கொண்டு வரச் சொன்னாங்க. இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்களாம்.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஆயிரம் சொல்லுன்னா ஆயிரம் சொல்லுதான் எழுதணுமா? தொள்ளாயிரத்துச் சொச்சம் எழுதினா தலையைச் சீவிடுவாங்களாடா?”

நாட்குறிப்பைத் திறந்து நாட்களை எண்ணினேன். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

பதினேழாம் தேதி கடையில் விடுப்பு சொல்லிவிட்டு வாரியத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி. நீளமான அறையில் வரிசையாக நாற்காலிகள். என் வகுப்பில் பின்பெஞ்சில் உட்காரும் நண்பன் ஏற்கெனவே அங்கே இருந்தான். அவன் மடியில் ஒரு சின்ன வைக்கோல் கட்டு இருந்தது.

“எங்க தெரு குதிரை லாயம்னு வந்திருச்சு” என்றான் தாழ்ந்த குரலில். “நான்தான் எழுதினேன். கதவெல்லாம் அகலமா இருந்துச்சு. இப்ப வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் குடுத்துட்டுப் போறாங்க. தீர்ந்து போச்சான்னு வந்து பாக்கறாங்கடா.”

“தீர்ந்துச்சா?”

“அப்பா ராத்திரியில குப்பையில கொண்டுபோய் போட்டுட்டு வர்றார். கண்டுபிடிச்சா என்ன ஆகுமோ.” வைக்கோல் கட்டை மடியில் திருப்பி வைத்தான். “உங்களுக்கு ஜெயில்தானே. பரவாயில்ல. ஜெயில்ல மனுஷங்கதான் இருப்பாங்க.”

இயல்பு அலுவலர் ஐம்பது வயதுப் பெண். மிகவும் மென்மையான குரல். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறை எனக்குத் தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

“நீங்க சொல்றது புரியுது” என்றார். “கட்டுரை தப்புன்னு சொல்றீங்க. அதுக்கு என்ன ஆதாரம்?”

“நான்தான் மேடம் அதை எழுதினேன்.”

“அதான் சிக்கலே. எழுதினவர் சொல்றதை நாங்க எடுத்துக்க முடியாது. நீங்க சம்பந்தப்பட்ட ஆள். கட்டுரை அப்படி இல்ல, அது வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பார்க்காது.”

“மேடம், வெளியிலிருந்து அளந்தா ஜன்னல் அவ்வளவு உயரம் இல்லை. நேத்துதான் அளந்தேன். தெருவிலிருந்து மூணரை அடிதான்.”

“கைதி உள்ளேதானே இருப்பார்?” என்றார் அவர். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். “பாருங்க, மியூசியத்துக்கும் நமக்கும் அதுதான் வித்தியாசம். மியூசியத்துல எல்லாம் கண்ணாடிக்குள்ள சும்மா நிக்கும். நம்ம வாரியத்துல சும்மா நிக்கிறது எதுவும் கிடையாது. எதை மீட்டாலும் அது பயன்பாட்டுல இருக்கணும். குதிரை லாயம்னா வைக்கோல் தீரணும். சிறைன்னா உள்ளே ஆள் இருக்கணும். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு தெருவையும் சும்மா விட்டதில்ல.” என் கட்டுரையின் நகலை எடுத்துத் தடவிக் கொடுத்தார். “உங்களோடது நல்ல கட்டுரை. நாங்க வரிவரியா அமல்படுத்திக்கிட்டு வர்றோம். அவசரப்பட மாட்டோம்.”

கடைசியில் ஒரு வழி சொன்னார். கட்டுமானத்தை நேரில் பார்த்த சாட்சி யாராவது இருந்தால், ஜன்னல் ஏன் உயரமாக இருக்கிறது என்பதற்கு அவர் வேறு காரணம் சொன்னால், தெருவிலேயே விசாரணை வைத்துக் கேட்கலாம்.

பஸ்ஸில் வரும்போது நாட்குறிப்பில் இரண்டு அளவையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். உள்ளே ஐந்தரை. வெளியே மூன்றரை. வித்தியாசம் இரண்டடி. உள்ளே இறங்கும் படிகள் மூன்று, ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். அதுவும் இரண்டடி. மூன்று நிறுத்தம் கடந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஜன்னல் உயரமாக இல்லை. தரை பள்ளமாக இருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, தரை ஏன் ரெண்டடி கீழ இருக்கு?”

சீப்பு பாதியில் நின்றது.

“குளிர்ச்சிக்கு” என்றார்.

“ஜன்னல் ஏன் மேல இருக்கு?”

“கண்ணு படாம இருக்க.”

“நாப்பது வருஷமா இதையேதான் சொல்றீங்க. என் வேலை போகப்போகுது மேஸ்திரி. உண்மையச் சொல்லுங்க.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் வெளியே இருந்ததால் சாத்திய கதவைக் கையால் பிடித்துக்கொண்டே பேசினார்.

“சுவர் ஏத்தியாச்சு. ஜன்னல் வச்சாச்சு. உள்ள ரெண்டடி மண்ணு அடிச்சுத் தரைய ஏத்தணும். மண்ணு வண்டி வரல. மழை வேற வரப்போகுது. கூரைய முதல்ல போட்டுடுவோம், தரைய அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டேன். மழை விட்டு வந்து பாக்கறேன், பன்னண்டு வீட்லயும் ஆளுங்க குடிவந்து அடுப்பு மூட்டிட்டாங்க. தூங்கற புள்ளைங்களத் தூக்கி வெளிய வச்சிட்டு நான் மண்ணு கொட்டவா? வாசல்ல மூணு படி வச்சுக் குடுத்துட்டு, குளிர்ச்சிக்குன்னு சொல்லிட்டேன்.”

பிறகு அக்கா, “இதை வாரியத்துல சொல்லுங்க” என்றாள்.

“சொல்ல மாட்டேன்மா.”

“ஜெயில்ல இருக்கிறது கௌரவமா, மண்ணு போடலன்னு சொல்றது கௌரவமா?”

“ஜெயில்தான்” என்றார் மேஸ்திரி உடனே. “ஜெயிலுன்னா கவர்மெண்டு கட்டடம். கவர்மெண்டு கட்டடம் கட்டின மேஸ்திரின்னு இப்பதான் நாலு பேர் சொல்றாங்க. தரைய மறந்தவன்னு சொல்லவா அத்தனை வருஷம் கொத்துக் கரண்டி பிடிச்சேன்?”

எட்டு நாள் கெஞ்சினோம். அம்மா அவருடைய கால்சட்டை நான்கையும் சும்மாவே தைத்துக் கொடுத்தாள். அத்தை மட்டும், “வேலை போனா போகுது, அண்ணி முன்னாடி நம்ம மானம் என்னாகும்?” என்று அவர் பக்கம் நின்றாள். ஒன்பதாம் நாள், மேஸ்திரியின் பேத்தி ஐந்து நிமிடம் தாமதமாக வந்து கதவுக்கு வெளியே நின்றாள். பள்ளிக்கூடப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பி வழியாக, “தாத்தா, நான் இங்க இருக்கிறவதான்னு சொல்லு” என்றாள். அன்று இரவு உணவுக்கு முன்பே மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்து, “சொல்றேன்” என்றார். நான் சந்தோஷப்பட்டேன். அவரைச் சொல்லவைத்தது நான்தான் என்றும் நாட்குறிப்பில் எழுதினேன். அந்த வரியை இப்போது அழிக்கப் பார்க்கிறேன், பேனா மை போகவில்லை.

இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்குத் தெருவில் மேசை போட்டார்கள். இயல்பு அலுவலர் உட்கார்ந்தார். பன்னிரண்டு வீடும் கூடி நின்றது. மேஸ்திரி தேய்த்த சட்டையில் வந்து நின்று, நான்கு பேர் கேட்கும்படி முழுவதையும் சொன்னார். மண் வண்டி, மழை, கூரை, மூன்று படி. சொல்லி முடித்தபோது அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அலுவலர் படிவத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு நாளா இந்தச் சிறையில ஒரே ஒரு குறைதான் இருந்துச்சு” என்றார் எல்லோரையும் பார்த்து. “சுவர் இருக்கு, கம்பி இருக்கு, கதவு இருக்கு, ஆளும் இருக்கு. ஆனா எல்லாரும் விசாரணைக் கைதி. தண்டனைக் கைதின்னு ஒருத்தர்கூட இல்ல. ஏன்னா யாரும் எதையும் ஒத்துக்கல. இன்னிக்கு ஒருத்தர் தானா முன்வந்து, இந்த ஜன்னல் இவ்வளவு உயரமா இருக்கிறதுக்கு நான்தான் காரணம்னு ஒத்துக்கிட்டிருக்கார். அவர் மறந்து பண்ணினாரா, தெரிஞ்சு பண்ணினாரான்னு வாரியம் கேக்காது. வாரியம் மனசைப் பாக்கறதில்ல, ஜன்னலைத்தான் பாக்கும். இவர் பன்னண்டு குடும்பத்தை நாப்பத்தோரு வருஷம் அஞ்சரை அடி ஜன்னலுக்குக் கீழ வச்சிருந்திருக்கார். இதைவிடப் பழமையான குற்றம் நம்ம நகரத்துல எந்தத் தெருவுக்கும் இல்ல.”

யாரோ கை தட்டினார்கள். டேப்காரர்தான்.

“அப்போ இது சிறை இல்லைன்னுதானே மேடம் ஆகுது?” என்று கேட்டேன்.

“இல்லையே” என்றார் அவர் மென்மையாக. “இப்பதான் சிறைன்னே ஆகுது.”

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். குற்றவாளி கிடைத்துவிட்டதால், மற்ற விசாரணைக் கைதிகள் நன்னடத்தை காட்டினால் விடுதலைக்கு விண்ணப்பிக்கலாம். நன்னடத்தைக்கு ஆதாரம் வேண்டும். டேப்காரர் என் கையிலிருந்த நாட்குறிப்பை வாங்கிப் புரட்டினார். ‘5.40. அக்கா வந்தாள். 5.52. ஏழாம் வீட்டுக்காரர் வந்தார். 5.55. எல்லோரும் வாசலில்.’

“நேரம், ஆள், எல்லாம் சுத்தமா இருக்கு மேடம். இதுக்கு மேல பதிவேடு எதுக்கு?”

அப்படித்தான் என் நாட்குறிப்பு சிறைப் பதிவேடு ஆனது, நான் பதிவாளர் ஆனேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவின் நன்னடத்தைக்கு ஆதாரம் அதில்தான் இருந்தது. அவளுடைய விடுதலை உத்தரவு முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு வந்தது. மேஸ்திரி வீட்டுக் கதவின் வெளித் தாழ்ப்பாளில் அதற்கு முந்தின நாளே பூட்டுத் தொங்கியது. பேத்தி பக்கத்து வீட்டில் இருந்துகொண்டாள்.

ஒன்றாம் தேதி காலையில் அக்கா ஒரு பெட்டியோடு கிளம்பினாள். உத்தரவின் கடைசி வரியை டேப்காரர் வாசித்துக் காட்டினார். விடுவிக்கப்பட்டவர் மீண்டும் வளாகத்துக்குள் வரக்கூடாது. ஞாயிறு மூன்று முதல் நான்கு வரை கதவருகே பார்வை நேரம் உண்டு.

“என் வீட்டுக்கே வரக்கூடாதா?” என்றாள் அக்கா.

“விடுதலைன்னா வெளிய போறதுதானேம்மா” என்றார் அவர்.

மருத்துவமனை விடுதியில் இடம் கிடைத்தது. போகும்போது சந்தின் நடுவில் நின்று மேஸ்திரி வீட்டு ஜன்னலை நோக்கி, “மேஸ்திரி, நான் வேலைக்குப் போறேன்” என்று சத்தமாகச் சொன்னாள். உள்ளேயிருந்து, “நல்லா இரும்மா” என்று குரல் மட்டும் வந்தது. முக்காலி இல்லாததால் அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை. அம்மா கம்பியைப் பிடித்தபடி, சந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து தையல் மிஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காமலே ஓட்டினாள்.

நான்காம் தேதி காலை எட்டு பத்துக்கு, டேப்காரர் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு பின்னாலிருக்கும் காலிமனைக்குப் போனார். நான்கு மூலையிலும் குச்சி நட்டார்கள். நான் ஓடிப்போய், என்ன சார் என்று கேட்டேன்.

“இன்னொரு வரி பாக்கி இருக்கே தம்பி. நீங்க எழுதினதுதான்.”

கடைக்குப் போய் என் கட்டுரையின் நகலைத் தேடி எடுத்தேன். பச்சைக் கோடு போட்ட இரண்டாவது வாக்கியத்தை ஆறு முறை படித்தேன். ‘பின்னாலுள்ள காலிமனையில் இன்றுவரை யாரும் எதுவும் கட்டாததால் தூக்குமேடை அங்கேதான் நின்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.’ பன்னிரண்டு சொல். அதில் ஏழாவது சொல்லை மட்டும் மாற்றி, வேறு எதையாவது எழுதியிருக்கலாம். மரம் என்று எழுதியிருக்கலாம். கிணறு என்று எழுதியிருக்கலாம். அலுவலர் சொன்னது நினைவுக்கு வந்தது. சும்மா நிற்கிறது எதுவும் கிடையாது.

கடையைப் பாதியில் விட்டுவிட்டு வாரியத்துக்குப் போனேன். மேடம் ஆய்வுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் தெரு இப்போது அரசு விருந்தினர் மாளிகை, முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். எண்ணிக்கைக்கு நேரமாகிவிட்டதால் ஓடி வந்தேன். 5.51.

காலிமனையில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

அவரைப் பகலில் வெளியே விட்டிருக்கிறார்கள். இந்த இடத்தின் மட்டம் அவருக்குத்தான் தெரியும் என்று டேப்காரர் சிபாரிசு செய்தாராம். கையில் மட்டம் பார்க்கும் பழைய ரசமட்டம். காலுக்குப் பக்கத்தில் இரண்டு வண்டி மண் கொட்டிக் கிடந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

“வா தம்பி. பாரு, சொன்ன நேரத்துக்கு மண்ணு வந்திருச்சு” என்றார். “இங்க ஒரு மேடை வரப்போகுதாம். என்ன மேடைன்னு சொல்லல. மீட்டிங் கீட்டிங் நடத்துவாங்கபோல. நான் சொல்லிட்டேன், முதல்ல தரைய ஏத்தணும், அப்பறந்தான் மத்ததெல்லாம்னு. சரிங்க மேஸ்திரின்னாங்க. எல்லார் முன்னாடியும் மேஸ்திரின்னே கூப்பிட்டாங்க.”

“மேஸ்திரி, அது வந்து...”

“அப்பறம் பேசு. இந்த முனையப் பிடி.”

டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறு முனையோடு அடுத்த குச்சிக்கு நடந்தார். டேப்காரர் கொஞ்சம் தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையின் ஓரத்து இடைவெளியில், கதவுப் பக்கம் ஆட்கள் எண்ணிக்கைக்காகக் கூட ஆரம்பித்தது தெரிந்தது. அம்மா அங்கிருந்து என்னையே பார்த்தாள். டேப்பின் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“ஆட்டாதடா. டேப் ஆடுது பாரு” என்றார் மேஸ்திரி. குனிந்து அளவைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கி இன்னொரு முறை பார்த்தார். “எட்டடி. சரியா எட்டடி. எழுதிக்கோ. இந்தத் தடவை தப்பு வரக்கூடாது.”

தேதி எழுதினேன். நேரம் எழுதினேன், 5.56. கண்டது என்ற கட்டத்தில் எட்டடி என்று எழுதினேன். நான்காவது கட்டத்தில் எழுத எதுவும் இருக்கவில்லை.